மரபணுக் கோளாறு என்றால் பரம்பரை நோயா? லிம்போமாவின் கதை

தமிழில் ‘மரபணு’ என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. சொல் நல்ல சொல்தான். ஆனால் முன்னால் ‘மரபு’ என்று ஒட்டிக்கொண்டு வருவதால், அதைக் கேட்டதும் நம் ஆட்களுக்குத் தாத்தா, கொள்ளுத் தாத்தா ஞாபகம் வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ‘மரபணு மாற்றம்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அது குடும்ப நோய், வாரிசுகளுக்கும் வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிக்கிற நண்பர்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் ஒருவர் ‘இன்னே’, ‘அக்கி’ என்று இரண்டு சொற்களை அடிக்கடி பிரித்துக் காட்டுவார். இன்னே என்றால் பிறவியிலேயே கூட வந்தது. அக்கி என்றால் பிறந்த பிறகு நம்மிடம் வந்து சேர்ந்தது. (நம் ஊரில் செம்மண் குழைத்து எழுதுவார்களே, அந்த அக்கி இல்லை.) அறுபது வருடம் கழித்து அந்தப் பாடம் ஒரு கல்யாணப் பேச்சில் உதவும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு கட்டிங் மாஸ்டருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. முப்பது வருடம் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டியவர். அறுபத்திரண்டு வயது. பல் வலியால் கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வலி இல்லை, ஆனால் கட்டியும் கரையவில்லை. கோவைக்குப் போய்ச் சதை எடுத்துச் சோதித்ததில் லிம்போமா என்று வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். கூடவே இன்னொரு ரிப்போர்ட். அதில் எம்.ஒய்.சி., பி.சி.எல்.-2 என்று இரண்டு ஜீன்களின் பெயர், இரண்டுமே இடம் மாறியிருக்கின்றன என்ற குறிப்பு. டாக்டர் அதை ‘டபுள் ஹிட்’ என்றாராம்.

அதே நேரத்தில் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி, நிச்சயத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். ரிப்போர்ட்டின் படம் எப்படியோ மாப்பிள்ளையின் தாய்மாமன் செல்போனுக்குப் போய்விட்டது. அவர் எனக்கும் பழக்கம். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க சார், ஜீன்லயே கோளாறுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காருங்களே. நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு வராதுன்னு யாருங்க கேரண்டி குடுக்கறது?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது. அதற்கு அந்தப் பெண் பெரிதாக வெசனப்படவில்லை. என்னிடம் வந்து கேட்டதெல்லாம் வேறு. “பெரியப்பா, கல்யாணம் நடக்கறது நடக்காதது கிடக்கட்டும். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா? அதை மட்டும் சொல்லுங்க.”

அவளுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்குக் கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னால்தான் பதில் புரியும்.

நெறிக்கட்டிகளும் மண்ணீரலும் சேர்ந்து வீங்கிச் சாகிற ஒரு வியாதி இருக்கிறது என்று முதலில் எழுதி வைத்தவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின். வருடம் 1832. அவர் எழுதியதை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முப்பது வருடம் கழித்துச் சாமுவேல் வில்க்ஸ் என்ற இன்னொரு டாக்டர்தான் அந்த வியாதிக்கு ஹாட்ஜ்கின் பெயரை வைத்தார். இன்றைக்கும் லிம்போமாவை ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது என்று இரண்டு பெரிய பிரிவாகத்தான் பிரிக்கிறார்கள். நம் மாஸ்டருக்கு வந்தது இரண்டாவது பிரிவு. இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அந்தப் பிரிவைப் பற்றியே.

காரணம் என்ன என்ற கேள்விக்கு வெகு காலம் பதில் இல்லை. 1914-ல் ஜெர்மனியில் தியோடர் போவெரி என்ற விலங்கியல் பேராசிரியர், கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்து ஆராய்ந்தவர், ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் தாறுமாறாகிப் போன ஒரே ஒரு செல்லிலிருந்து புற்றுநோய் தொடங்கலாம் என்றார். ‘ஒரே ஒரு செல்’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழு உடம்பும் கெட்டுப்போவதில்லை. முழு ரத்தமும் கெட்டுப்போவதில்லை.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் டாக்டரே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கார்ல் நோர்ட்லிங் பின்லாந்தில் பிறந்த ஒரு கட்டடக் கலைஞர். புள்ளிவிவரத்தில் ஆசை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, நார்வே நாடுகளின் சாவுக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். புற்றுநோயால் ஆண்கள் சாவது வயதோடு நேராக ஏறவில்லை, வயதின் ஆறாவது அடுக்காக ஏறியது. அதாவது வயது இரண்டு மடங்கானால் சாவு விகிதம் 64 மடங்கு. 1953-ல் இதை எழுதினார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே ஒரு கோளாறு போதும் என்றால், இருபது வயதுக்காரனுக்கும் எழுபது வயதுக்காரனுக்கும் அது வருகிற வாய்ப்பு வருடத்துக்கு வருடம் ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் வயது ஏற ஏறச் செங்குத்தாக ஏறுகிறது என்றால், ஒரே செல்லில், ஒன்றன்பின் ஒன்றாக, பல கோளாறுகள் சேர வேண்டியிருக்கிறது என்று பொருள். ஏழு இருக்கலாம் என்பது நோர்ட்லிங்கின் கணக்கு. அடுத்த வருடமே பீட்டர் ஆர்மிடேஜ், ரிச்சர்ட் டால் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஆறு அல்லது ஏழு படிகள் என்று அதை ஒட்டியே எழுதினார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் இதே எண் பொருந்தாது. குழந்தைகளுக்கு வருபவற்றுக்கு இவ்வளவு படி தேவையில்லை. ஆனாலும் ஜீன் என்பது எதனால் ஆனது என்று உலகம் அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தது. இறப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அதற்குள் இவ்வளவு தூரம் போய்விட்டார்! பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

கணக்கு அப்படியே இருக்க, கதை ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. 1957-ல் உகாண்டாவின் கம்பாலா நகரத்து முலாகோ ஆஸ்பத்திரியில், டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து சர்ஜன், தாடை வீங்கிய ஒரு குழந்தையைப் பார்த்தார். பிறகு இன்னொன்று, இன்னொன்று. 1961-ல் பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில் நண்பர்கள் இருவரோடு பத்தாயிரம் மைல் சுற்றி, எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இந்தக் குழந்தைகள் வருகிறார்கள், எங்கே வருவதில்லை என்று வரைபடம் போட்டார். வெப்பமும் மழையும் அதிகம் உள்ள பட்டையில், மலேரியா உள்ள இடங்களில்தான் அது இருந்தது. இன்று அதற்குப் பர்கிட் லிம்போமா என்று பெயர்.

அதே வருடம் அவர் லண்டனில் பேசியதைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன், கட்டியின் சதைத் துண்டுகளை விமானத்தில் வரவழைத்தார். 1963 டிசம்பரில் ஒரு நாள், லண்டனில் பனிமூட்டம். விமானம் மான்செஸ்டரில் இறங்கியது. புட்டி கைக்கு வந்து சேர்வதற்குள் அதிலிருந்த திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியிருப்பார்கள். எப்ஸ்டீன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கலங்கலாகத் தெரிந்தது தனித்தனியாக மிதந்த, உயிரோடு இருந்த புற்றுசெல்கள். அவற்றை வளர்த்ததில் ஒரு வைரஸ் கிடைத்தது. எப்ஸ்டீன்–பார் வைரஸ் என்று 1964-ல் உலகத்துக்குத் தெரிந்தது. மனிதப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் அது.

ஆக, காரணம் கிடைத்துவிட்டதா? இல்லை. அந்த வைரஸ் உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பெரியவர்களுக்கு மேல் இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களிடமும் எழுதுகிற என்னிடமும் இருக்கும். லியோன் நகரத்திலிருந்து கீ தெ தே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் உகாண்டாவின் மேற்கு நைல் பகுதிக்குப் போய், 42,000 குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுக் காத்திருந்தார். பின்னால் நோய் வந்த குழந்தைகளின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, நோய் வருவதற்கு முன்பே அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. 1978-ல் இது வெளியானது. ஆக வைரஸுக்குப் பங்கு உண்டு. மலேரியாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் இரண்டும் இருந்த லட்சக்கணக்கான குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் கட்டி வந்தது. மிச்சம் என்ன?

மிச்சம் குரோமோசோமில் இருந்தது. 1976-ல் ஸ்டாக்ஹோமில் லோரே ஸெக் என்ற பெண்மணி, பர்கிட் செல்களில் 8-ஆம் குரோமோசோமின் முனை ஒடிந்து 14-ஆம் குரோமோசோமில் ஒட்டியிருப்பதைக் காட்டினார். 1979-ல் பாரிஸ் சேன் லூயி ஆஸ்பத்திரியில் ரொலான் பெர்ழே, அலேன் பெர்னெம் இருவரும், சில நோயாளிகளிடம் அதே 8-ஆம் குரோமோசோம் 22-ல் போய் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். 1982-ல் விடை வந்தது. 8-ல் ஒடிகிற இடத்தில்தான் எம்.ஒய்.சி. என்ற ஜீன் இருக்கிறது. செல்லைப் ‘பெருகு, பெருகு’ என்று முடுக்குவது அதன் வேலை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 14, 22 என்று அந்தக் குறிப்பிட்ட இடங்களில் ஏன் போய் ஒட்ட வேண்டும்? அங்கேதான் ஆன்டிபாடி செய்யும் ஜீன்கள் இருக்கின்றன. கொரோனா வந்த பிறகு ஆன்டிபாடி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறக்கும்போது நம்மிடம் கோடிக்கணக்கான ஆன்டிபாடிகளுக்குத் தனித்தனி ஜீன் கிடையாது. இருக்கிற சில நூறு துண்டுகளை வெட்டி, விதவிதமாகச் சேர்த்து, ஒவ்வொரு லிம்போசைட் செல்லும் தனக்கென்று ஒன்றைத் தைத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் சுசுமு தொனெகாவாவுக்கு 1987-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் ஊர் பாஷையில் சொன்னால், லிம்போசைட்டுக்குள் ஒரு கட்டிங் டேபிள் இருக்கிறது. பாடி, கை, காலர் என்று வெட்டிச் சேர்க்கிற மாதிரி ஜீனை வெட்டிச் சேர்க்கிறது. உடம்பின் வேறு எந்த செல்லும் தன் ஜீனையே இப்படிக் கத்தரி போடுவதில்லை. அதோடு விடவில்லை. நெறிக்கட்டிக்குள் போன பிறகு, ஆன்டிபாடியை இன்னும் கூர்மையாக்க, தன் ஜீனில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளைப் போட்டுப் பார்க்கிறது. நல்ல பிழை வாய்த்த செல்லை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. நாம் காய்ச்சலிலிருந்து பிழைப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

கோடிக்கணக்கான பீஸ் ஓடுகிற இடத்தில் ஒரு பீஸ் தப்பாக ஒட்டாமல் இருக்குமா? வெட்டிய முனையில் வேறு குரோமோசோமின் துண்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடி ஜீனின் ஸ்விட்ச் எப்போதும் ஆன் செய்தே இருக்கும். அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஜீனும் அணையாமல் எரிகிறது. எம்.ஒய்.சி.க்கு நடந்தது அதுதான்.

1984-ல் பிலடெல்பியாவில் யொஷிஹிடே சுஜிமோத்தோவும் கார்லோ குரோச்சேயும் இன்னொரு வகை லிம்போமாவில், 18-ஆம் குரோமோசோமிலிருந்து வந்து 14-ல் ஒட்டிய ஒரு ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பி.சி.எல்.-2. இதுவும் செல்லைப் பெருகச் செய்யும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1988-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் வேறு கதையைக் கண்டார்கள். பி.சி.எல்.-2 செல்லைப் பெருக வைப்பதில்லை. சாக வேண்டிய நேரத்தில் சாகவிடாமல் தடுக்கிறது. நம் உடம்பில் கோளாறான செல் தானே செத்துப்போக ஒரு ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டின் கதவை இது பூட்டிவிடுகிறது.

இதே மெல்பர்ன்காரர்கள் செய்த எலிச் சோதனைதான் முழுக் கதைக்கும் சாவி. 1985-ல், பிறவியிலேயே எல்லா பி-லிம்போசைட்டிலும் எம்.ஒய்.சி. எரிந்துகொண்டிருக்கும்படி எலிகளை உருவாக்கினார்கள். எல்லா செல்லிலும் கோளாறு இருக்கிறதே, எலி பிறந்த உடனே நோய் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. மாதக்கணக்கில் ஆயிற்று. வந்தபோதும் ஒவ்வொரு எலியிலும் ஒரே ஒரு செல்லின் சந்ததியாகத்தான் கட்டி வந்தது. அதாவது எம்.ஒய்.சி. மட்டும் போதாது, அந்த ஒரு செல்லில் வேறு ஏதோ சேர வேண்டியிருந்தது. பெருகச் சொல்லி அதிகமாக முடுக்கினால் செல் தானே செத்துப்போகிறது. உடம்பின் காவல் அப்படி. 1990-ல் எம்.ஒய்.சி., பி.சி.எல்.-2 இரண்டையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி மிக வேகமாக வந்துவிட்டது. ஒன்று ‘பெருகு’ என்கிறது, மற்றது ‘சாகாதே’ என்கிறது. ஆக்சிலேட்டரையும் அமுக்கி, பிரேக்கையும் பிடுங்கிப் போட்ட மாதிரி. கட்டிங் மாஸ்டரின் ரிப்போர்ட்டில் இருந்த ‘டபுள் ஹிட்’ என்பது இந்த இரண்டும்தான்.

பிற்பாடு ஜீன் முழுவதையும் படிக்கும் கருவிகள் வந்ததும், 2010, 2011 வாக்கில் வரிசையாக இன்னும் பல பெயர்கள் வந்தன: ஈ.இஸட்.எச்.-2, கே.எம்.டி.-2டி, கிரெப்-பி.பி. இப்படி. எந்த ஜீன் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று பார்க்கிற மேஸ்திரி ஜீன்கள் இவை. ஒருவருடைய லிம்போமாவில் இருக்கிற கூட்டணி அடுத்தவருடையதில் அப்படியே இருக்காது. ஒரே பெயருள்ள நோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்தும் ஒருவர் பிழைக்கிறார், ஒருவருக்குத் திரும்ப வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம். அந்த 14–18 ஒட்டு, நோயே இல்லாதவர்கள் ரத்தத்திலும் இருக்கிறது! வயது ஏற ஏற அதிகமாகிறது. நம் வயதுக்காரர்களில் பாதிக்கு மேல் பேரிடம், லட்சக்கணக்கான செல்களில் ஒன்றோ சிலவோ அப்படி இருக்கும். மர்சேய் நகரத்தில் பெர்த்ரான் நாதெல், சாந்த்ரின் ரூலான் குழுவினர் இதைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2014-ல் அவர்கள் வெளியிட்டது: அந்தச் செல்கள் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் போனவர்களுக்குப் பின்னாளில் ஃபாலிகுலர் லிம்போமா வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். மற்ற பெரும்பாலானோர் அந்த ஒட்டோடு வாழ்ந்து, வேறு எதனாலோ காலமாகிவிடுகிறார்கள். முதல் கோளாறு மட்டும் நோயாகிவிடாது என்பதற்கு எலியைவிட நல்ல சாட்சி நாமே.

அமெரிக்காவில் நடந்த ஒன்று இன்னும் விசித்திரம். ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு உடன்பிறந்தவர் எலும்பு மஜ்ஜை கொடுத்தார். ரத்தப் புற்றுநோய் குணமானது. சில வருடம் கழித்து, கொடுத்தவர், பெற்றவர் இருவருக்குமே ஃபாலிகுலர் லிம்போமா வந்தது. பாஸ்டன் டாக்டர்கள் 2012-ல் இரண்டு கட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குரோமோசோம் ஒட்டிய இடம் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. வேறு சில மாற்றங்களும் ஒன்றே. ஆக, ஒரு கெட்டுப்போன தாய்ச் செல், மஜ்ஜையோடு சேர்ந்து அடுத்த உடம்புக்குப் போயிருக்கிறது. இரண்டு உடம்பிலும் வருடக்கணக்கில் சும்மா கிடந்து, பிறகு வளர்ந்திருக்கிறது. உடன்பிறப்புகள் இருவருக்கும் ஒரே நோய் என்றதும் பரம்பரை என்றுதான் யாரும் நினைப்போம். வந்த வழியோ ஊசி வழி.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நான் பத்திரப் பதிவுத் துறையில் இருந்தவன். ஜெராக்ஸ் இல்லாத காலம். ஒரு பத்திரம் பதிவானால் அதைப் புத்தகம் 1-ல் கையால் எழுதி வைப்போம். யாராவது கேட்டால் அதைப் பார்த்து நகல் எழுதிக் கொடுப்போம். நகலில் சர்வே நம்பர் தப்பாக விழுந்துவிட்டது என்று வையுங்கள். அந்த நகலைப் பார்த்து எடுக்கிற நகல்களிலெல்லாம் தப்பு தொடரும். ஆனால் ஆபீசில் புத்தகம் 1 அப்படியே இருக்கிறது. நாளைக்கு வாரிசுகள் வந்து கேட்டால் புத்தகத்தைப் பார்த்துத்தான் கொடுப்போம். உடம்பில் விந்தணு, கருமுட்டை இரண்டும் புத்தகம் 1 மாதிரி. குழந்தைக்குப் போவது அங்கிருந்து எடுத்த நகல். மாஸ்டரின் கழுத்து நெறிக்கட்டியில், ஒரு லிம்போசைட்டில், அறுபது வயதில் விழுந்த பிழை அந்தப் புத்தகத்துக்குப் போக வழியே இல்லை. அது இன்னே இல்லை, அக்கி.

புத்தகத்திலேயே பிழை இருக்கிற புற்றுநோய்களும் உண்டு, மறைக்க வேண்டாம். குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஒரு வகை அப்படி. 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன் 48 குழந்தைகளின் கணக்கை வைத்து, பிறவியில் ஒரு அடி, பிறகு இன்னொரு அடி என்று விளக்கினார். லிம்போமா அந்த வகையில் சேராது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், மற்றவர்களைவிட வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஒன்றரை, இரண்டு மடங்கு என்பார்கள். ஆனால் லட்சத்தில் சில பேருக்கு வருகிற நோயில் இரண்டு மடங்கு என்பதும் லட்சத்தில் சில பேர்தான். அதற்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்பவர், சர்க்கரை நோய் உள்ள வீட்டில் சம்பந்தமே செய்ய முடியாது. அப்புறம் கொங்கு நாட்டில் யார் வீட்டில் பெண் எடுப்பது?

திருப்பூரில் இதைப் பேசினால் அடுத்த கேள்வி சாயத் தண்ணீர். நொய்யலைப் பார்த்தவன் யாரும் அதைக் கேட்காமல் இருக்க முடியாது; 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்கள் நமக்கு மறக்கவில்லை. ஆனால் அனிலீன் சாயத் தொழிலோடு உறுதியாகக் கோர்க்கப்பட்ட புற்றுநோய் சிறுநீர்ப்பையில் வருவது. 1895-லேயே பிராங்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற சர்ஜன் சாயத் தொழிலாளிகளிடம் அதைப் பார்த்துச் சொன்னார். லிம்போமாவுக்கு நம் பக்கத்தில் சந்தேகப்பட வேண்டியது வேறொன்று. பருத்திக் காட்டில் பி.எச்.சி. பவுடரை வெறுங்கையால் தூவின காலம் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். வேட்டி, மூக்கு, முடியெல்லாம் வெள்ளையாக நிற்பார்கள். அதில் பூச்சியைக் கொல்கிற சரக்குக்கு லிண்டேன் என்று பெயர். லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் லிண்டேனை, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவை உண்டாக்குவது என்று உறுதியான பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க, கனடா விவசாயிகளிடம் நடந்த ஆய்வுகளில், லிண்டேன் பட்டவர்களுக்கு வாய்ப்பு 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. நம் நாட்டில் பி.எச்.சி. 1997-ல்தான் தடையானது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் மர்சேய் குழுவே ஒரு தடயம் கொடுத்திருக்கிறது. பூச்சிமருந்து அடிக்கும் பிரெஞ்சு விவசாயிகளை ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்து 2009-ல் எழுதினார்கள். அவர்கள் ரத்தத்தில் அந்த 14–18 ஒட்டுள்ள செல்கள் காலப்போக்கில் வெகுவாகப் பெருகியிருந்தன. மருந்து தனியாக ஒரு நோயைக் கொண்டுவந்து வைப்பதில்லை. தற்செயலாக விழுந்த முதல் கோளாறுக்கு இடம் கொடுத்து, அடுத்த கோளாறுக்கு வழி விடுகிறது. ஆகவே ‘எதனால் வந்தது?’ என்று ஒரே பதில் கேட்டால் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அவர் மழுப்புகிறார் என்று கோபப்படுகிறோம்.

நம் மாநிலத்தில் இந்த நோயைத் தொடர்ந்து எண்ணி வைத்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 5,115 லிம்போமாக்களை வகை பிரித்து 2013-ல் வெளியிட்டார்கள். அதிகமாக இருந்தது பெரிய பி-செல் வகை, நம் மாஸ்டருக்கு வந்ததும் அந்த இனம்தான். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கிய அடையாறு இன்ஸ்டிடியூட்டுக்கும் பர்கிட் கதைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. கம்பாலாவில் பர்கிட் லிம்போமாக் குழந்தைகளுக்கு வைத்தியம் செய்த இயன் மெக்ராத், பிறகு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் போனார். 1980-களில் அங்கிருந்து அடையாறு, மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ் மூன்றோடும் சேர்ந்து, இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ற மருந்துத் திட்டங்களை வகுத்தார். எம்.சி.பி. 841 லுக்கீமியாவுக்கு, 842 லிம்போமாவுக்கு. டாக்டர் சாந்தா அம்மா அந்த நாட்களில் அடையாறில் பொறுப்பில் இருந்தார்.

பெரியவர்களுக்கான திருப்பம் லியோனிலிருந்து வந்தது. பெர்த்ரான் குவாஃபியே குழு, 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 பேரை எடுத்துக்கொண்டது. இந்த வயதுக்காரர்களைச் சோதனையில் சேர்க்கவே பலரும் தயங்குவார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான நான்கு மருந்துகள், மீதிப் பேருக்கு அதோடு ரிட்டுக்சிமாப். இது பி-செல்லின் மேல் இருக்கிற ஒரு அடையாளத்தைப் பிடித்துத் தாக்கும் ஆன்டிபாடி. லிம்போசைட் செய்கிற ஆயுதத்தையே அதன் மேல் திருப்புகிறார்கள். 2002-ல் முடிவு வந்தது. கட்டி முழுவதும் மறைந்தவர்கள் 63 சதவீதத்திலிருந்து 76 ஆனார்கள். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 57-லிருந்து 70. டபுள் ஹிட் வகைக்கு இது பல சமயம் போதாது. அதற்கு இன்னும் கடுமையான மருந்துகளைச் சேர்ப்பார்கள். அதனால்தான் அந்த ஜீன் ரிப்போர்ட்டையே எடுக்கிறார்கள். அது நோயாளிக்கு எந்த மருந்து என்று டாக்டர் முடிவு செய்வதற்கான காகிதம். ஜாதகத்தோடு சேர்த்துப் பொருத்தம் பார்ப்பதற்கானது இல்லை.

ரிட்டுக்சிமாப் முதலில் நம்மவர்கள் தொடக்கூட முடியாத விலையில் இருந்தது. 2007-ல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி அதையே இங்கே தயாரித்துக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. இன்னும் சில இந்தியக் கம்பெனிகளும் பின்னால் வந்தன. இப்போது கோவையிலேயே கிடைக்கிறது.